பொம்மசந்திராவுக்கு ஸ்பானிஷ் பேசப் போனேன்

குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்த நான் பெங்களூருவை முதன்முதலாக ஸ்பெயின் வழியாகத்தான் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊரில் ரயிலேறினால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலையில் இருந்தார்கள். அப்படியும் எனக்கு அங்கே போக ஒரு காரணம் அமையவில்லை. அமைந்தபோது அது இப்படி அமைந்தது.

நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறேன், அதோடு சேர்த்து ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "பொருளாதாரம் சரிம்மா, ஸ்பானிஷ் எதுக்கு?" உண்மையான பதில், உதவித்தொகை அந்தப் பாடத்துக்குத்தான் இருந்தது என்பது. பிறகு அந்த மொழி எனக்குப் பிடித்துப் போனது. நாக்கை உருட்டிப் பேசுவதிலும், வினைச்சொல்லுக்குள்ளேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுவதிலும் தமிழின் சாயல் இருந்தது.

இந்தப் படிப்பில் மூன்றாம் ஆண்டை ஸ்பெயினில் கழிக்க வேண்டும், ஏதாவது ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்க்க வேண்டும். எனக்குச் சரகோசா நகரில் இடம் கிடைத்தது. கார்க் கதவுக்குள்ளே ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற நிறுவனம். கண்ணாடியை ஏற்றி இறக்கவும், கதவைப் பூட்டவும் வேண்டிய வயர்களை நீளம் பார்த்து வெட்டி, நிறம் பார்த்துக் கட்டி அனுப்புவார்கள். அவர்களுக்கு மூன்று நாடுகளில் ஆலைகள் இருந்தன. அதில் ஒன்று பெங்களூருவில், பொம்மசந்திராவில்.

என் மேலதிகாரி பிலார். கணக்குப் பிரிவின் தலைவி. ஐம்பதைத் தாண்டியவர், சத்தமாகச் சிரிப்பார், என் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. ஒரு காலையில் என் மேசைக்கு வந்து, "உனக்குத் தமிழ் தெரியும்தானே?" என்று கேட்டார். பெங்களூரு ஆலையைத் தொடர்ந்து நடத்த முடியுமா என்று பார்க்க அவரும் பணியாளர் நிர்வாகத்தின் தலைவர் மானுவேலும் போகிறார்கள். மானுவேலுக்கு ஆங்கிலம் வராது. அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். உள்ளூர் அதிகாரிகள் வழியாக இல்லாமல் தொழிலாளர்களிடம் நேராகப் பேச வேண்டும் என்று மானுவேல் நினைத்தார்.

நான் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். ரகசியம் காப்பதாக ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவில் இறங்கினோம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் விடுதி. எங்களுக்கென்று ஒரு காரும், அதை ஓட்ட பாபு என்பவரும் இருந்தார்கள். நான் மானுவேலிடம் ஸ்பானிஷ் பேசியதையும், உடனே திரும்பி அவரிடம் தமிழில் வழி கேட்டதையும் பார்த்து பாபு சிரித்தார். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னார்.

"நாங்க மூணு தலைமுறையா ஆஸ்டின் டவுன் மேடம். வூட்ல தமிழ், ரோட்ல கன்னடம், கேரேஜ்ல தக்னி உருது. நீங்க நம்மளவிட ஒண்ணு ஜாஸ்தி வச்சிருக்கீங்க."

அன்று மதியம் விடுதியில் எனக்கு இட்லியும் சாம்பாரும். சாம்பாரில் வெல்லம் இருந்தது. குடியாத்தத்தில் இதைக் கொடுத்தால் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள். பிலார் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார். மானுவேல் சந்தேகத்தோடு ஒரு வடையைத் தின்றார். அன்று மாலையே வயிறு கெட்டு, மிச்சமிருந்த நாட்களெல்லாம் வாழைப்பழத்திலும் பிஸ்கட்டிலும் ஓட்டினார்.

திங்கள்கிழமை ஆலைக்குப் போனோம். பொம்மசந்திராவில் சாலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: நீல வாயிற்கதவு, காவலாளி, தூசி படிந்த அரளி, லாரி. உள்ளே நீளமான கூடம். சாய்ந்த பலகைகள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க, பெண்கள் நின்றபடியே வயர்களை ஆணிகளுக்கு இடையில் ஓட்டிக் கட்டினார்கள். அந்த வேகத்தில் என் கண்ணால் நிறங்களைத் தொடர முடியவில்லை. சரகோசாவில் இருந்தபோது இந்தக் கட்டுகள் எனக்கு ஓர் அட்டவணையில் ஒரு வரிசை, அவ்வளவுதான். ஒரு மாதம் உட்கார்ந்து மூன்று ஆலைகளின் செலவுகளையும் ஒப்பிட்டு அந்த அட்டவணையைத் தயாரித்தது நான். என் படிப்பில் கற்ற எல்லாவற்றையும் அதில் காட்டியிருந்தேன்.

தொழிலாளர் குழுவில் எட்டுப் பேர். அவர்களில் தமிழில் பேசியது பெரும்பாலும் தனலட்சுமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் பென்னாகரம். பதினான்கு வருடம் இதே ஆலையில் வேலை, இப்போது ஒரு வரிசைக்குப் பொறுப்பு. கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் உண்டு. இதையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"நீ எந்த ஊரு பாப்பா?"

"குடியாத்தம்க்கா."

"அப்ப நம்ம பக்கந்தான். இந்தாளு பேசறது இங்கிலீஷ் இல்லியே?"

"ஸ்பானிஷ்."

"அதான் பார்த்தேன். தொண்டையிலருந்து வருது."

மானுவேல் குழுவிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்த ஆலை நன்றாக நடக்க என்ன செய்ய வேண்டும்? மற்றவர்கள் தயங்கினார்கள். தனலட்சுமி தயங்கவில்லை. பலகையின் உயரம் குட்டையான பெண்களுக்குச் சரியில்லை, தோள்பட்டை போய்விடுகிறது. இரண்டாவது வரிசைக்கு வயர் வெட்டிக் கொடுக்கும் இயந்திரம் ஒரு நாளைக்கு நான்கு முறை நிற்கிறது, அதைச் சரிசெய்ய வருகிறவருக்கு அது என்னவென்றே தெரியாது. வண்ணம் மாறிப்போன வயர்களைத் தனியே வைக்க ஒரு பெட்டி வேண்டும். அரை மணி நேரம் பேசினார். நான் ஒரு வார்த்தை விடாமல் ஸ்பானிஷில் சொன்னேன். மானுவேல் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார், ஒன்றிரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்டார். இயந்திரத்தின் படத்தைக்கூட வரைந்துகொண்டார்.

மதியம் கேன்டீனில் எல்லாரோடும் சாப்பிட்டோம். ராகி முத்தே. எங்கள் ஊரில் களி என்போம். பிலார் அதைக் கடித்து மென்றார். தனலட்சுமி பக்கத்தில் வந்து, மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும் என்று செய்து காட்டினார். பிலார் விழுங்கப் பார்த்து, தொண்டையில் சிக்கி இருமினார். கூடமே சிரித்தது. அந்த வாரத்தில் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பிலாரும் மானுவேலும் நகரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் வரவேற்பறையில் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் ஓசூர் சாலையில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. வண்டிகள் அசையவில்லை. பாபு என்ஜினை நிறுத்திவிட்டார். கண்ணாடிகள் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்கின. நான் முன்னிருக்கையில் இருந்தேன், அவர்கள் இருவரும் பின்னால்.

அரை மணி நேரம் கழித்து அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். தாழ்ந்த குரலில்தான், ஆனால் ஒளித்துப் பேசவில்லை. காரில் மற்ற ஒரே அந்நியரான பாபுவுக்குத்தான் அந்த மொழி தெரியாதே.

"வியாழக்கிழமையே குழுவிடம் சொல்லிவிடலாம்," என்றார் பிலார்.

"ஆமாம். கையெழுத்திட்டோம், அப்புறம் எதற்குத் தள்ளிப்போட வேண்டும்?" என்றார் மானுவேல்.

அவர் பயன்படுத்திய வினைச்சொல் ஸ்பானிஷில் இரண்டு காலத்துக்கும் ஒரே மாதிரி வரும். கையெழுத்திடுகிறோம், கையெழுத்திட்டோம், இரண்டுக்கும் ஒரே சொல். முதலாம் ஆண்டில் இதற்காகவே எனக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது. இனிமேல்தான் கையெழுத்திடப் போகிறார்கள் என்று அந்த நொடியில் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். மானுவேல் விடவில்லை. "போன மாதம்," என்று சேர்த்துக்கொண்டார்.

"மொராக்கோவில் புது ஆலைக்குக் கட்டடம்?"

"தயார். இயந்திரங்கள் இங்கிருந்து போக வேண்டியதுதான் பாக்கி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எங்கள் காருக்கும் பேருந்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். அவரையே பார்த்தேன். பிலார் என் தோளைத் தட்டினார். அன்பான தட்டல்.

"உன்னுடைய அட்டவணை இல்லையென்றால் இயக்குநர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று ஆலைகளையும் ஒரே பக்கத்தில் அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு தெளிவு."

"இதெல்லாம் காருக்குள்ளேயே இருக்கட்டும்," என்றார் மானுவேல்.

"நிச்சயமாக," என்றேன். சரியான உச்சரிப்பில், உடனே.

கொஞ்ச நேரம் போனதும் பாபு மெல்லக் கேட்டார். "என்ன மேடம், ரொம்ப நேரமா பேசிக்கிறாங்க?"

"மழையப் பத்திங்க."

"மழையா," என்று சொல்லிவிட்டு அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. விடுதிக்கு வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது.

புதன்கிழமை மானுவேலும் பிலாரும் ஆலையின் மேல்மாடியில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேலை இல்லை. இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விடும். அதற்குக் கொஞ்சம் பிறகு வெளியே போய், வாயிலுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் டீ சொன்னேன். தனலட்சுமி எனக்காகவே காத்திருந்தவர் போல வந்து பக்கத்தில் நின்றார். தில்பசந்த் ஒரு துண்டு வாங்கி, என் கையில் திணித்தார்.

"சாப்பிடு. மெலிஞ்சு போயிருக்க."

நான் கடித்தேன். தேங்காய்ப்பூவும் செர்ரியும் போட்ட அந்த இனிப்பு வாயில் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஒண்ணு கேக்கணும் பாப்பா. தப்பா நெனக்காத. ஆனேக்கல்ல ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி இருக்குது. என் நாத்தனா அங்கதான் இருக்கா. சூப்பர்வைசர் வேல ஒண்ணு காலியாயிருக்குது, எனக்குன்னு சொல்லி வச்சிருக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வர்றேனா இல்லியான்னு சொல்லிடணும். இந்த வயசுல நிக்காத வேல, உக்காந்து பாக்கற வேல இனிமே எனக்கு எங்க கெடைக்கும்?"

"நல்ல வேலைதான்க்கா."

"நல்ல வேலதான். ஆனா இங்க பதினாலு வருஷம். மூடறாங்கன்னு ஒரு பேச்சு ஓடுது. மூடலன்னா இத விட்டுப் போக எனக்கு மனசு இல்ல. அந்தாளு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டாரு, மெஷின் படம் போட்டாரு. மூடறவன் படம் போடுவானா? எனக்கு அப்பிடித் தோணுது. ஆனா அவங்க பேசறது உனக்குத்தான் புரியும். நீ எங்க பக்கத்துப் பொண்ணு. இருக்கட்டுமா, போகட்டுமா? நீ சொன்னா நான் நம்புவேன்."

அந்தச் சில நொடிகளில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட தாளை நினைத்தேன். மானுவேல் எழுதித் தரப்போகும் மதிப்பீடு இல்லாமல் என் மூன்றாம் ஆண்டு நிறைவேறாது என்பதையும், உதவித்தொகை போய்விடும் என்பதையும் நினைத்தேன். இன்று ராஜினாமா செய்தால், ஆலை மூடும்போது கிடைக்கிற இழப்பீடு இவருக்குக் கிடைக்காது, அதனால் சொல்லாமல் இருப்பதுதான் இவருக்கு நல்லது என்றும் நினைத்தேன். அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் நிம்மதியாக இருந்தது. அதுதான் வெட்கம்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தொடர்ந்து நடத்த முடியுமான்னு பாக்கத்தான் வந்திருக்கோம்னு சொன்னாங்க."

அது பொய் இல்லை. சரகோசாவில் அப்படித்தான் சொன்னார்கள்.

தனலட்சுமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அங்கேயே நின்றபடி நாத்தனாருக்குப் போன் போட்டார். "நான் வரல மா. இங்கயே இருந்துக்கறேன். ஆமா, கேட்டுட்டேன். தெரிஞ்சவங்கள கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

நான் தில்பசந்தை முழுவதும் தின்று முடித்தேன். தூக்கிப் போட முடியவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேன்டீனில் கூட்டம். குழு மட்டும் என்றார்கள். ஆனால் ஓய்வு நேரத்தில் இருந்த எல்லாரும் சுவரோரம் வந்து நின்றுவிட்டார்கள். மானுவேல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது. ஒரு பத்தி படிப்பார். நான் தமிழில் சொல்வேன். பிறகு உள்ளூர் அதிகாரி ஒருவர் கன்னடத்தில் சொல்வார். மூன்று முறையும் ஒரே செய்தி.

மானுவேலின் தாளில் வேலைநீக்கம் என்ற சொல் எங்கேயும் இல்லை. பிணைப்பை அவிழ்த்தல் என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. ஸ்பெயினில் நிறுவனங்கள் அப்படித்தான் எழுதும். படகை முளையிலிருந்து அவிழ்ப்பது போல ஒலிக்கிற சொல். அதற்கு இணையாகத் தமிழில் ஏதாவது மெத்தென்று சொல்ல என்னால் முடிந்திருக்கும். எனக்கு அந்தத் திறமை உண்டு. "ஆலையை மூடுகிறார்கள். இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் இங்கே வேலை முடிகிறது," என்று சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. ஒரு பெண் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடித்தாள், மறுபடி விரித்துப் போட்டுக்கொண்டாள். குழுவில் வயதான ஒருவர் எழுந்து கேட்டார். "இத எப்ப முடிவு பண்ணாங்கன்னு கேளும்மா."

நான் கேட்டேன். மானுவேல் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "இந்த வாரம்தான். இங்கே எல்லாவற்றையும் நேரில் பார்த்த பிறகு."

மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சாகப் பேச வேண்டும், 'என்கிறார்' என்று சொல்லக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். "இந்த வாரம்தான் முடிவு பண்ணாங்களாம். எல்லாத்தையும் பாத்த பிறகு பண்ணாங்களாம்."

சொல்லின் வாலில் ஒரு 'ஆம்'. தமிழில் அந்த ஒரு ஒட்டுக்குள் எவ்வளவோ வைக்கலாம். ஸ்பானிஷில் அதற்கு ஒரு வாக்கியமே வேண்டும். அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. தனலட்சுமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்புறம் மணி அடித்தது. ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்ததால் எல்லாரும் தங்கள் பலகைகளுக்குத் திரும்பிப் போனார்கள். இயந்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

நான் கைகழுவும் தொட்டிகள் பக்கம் நின்றிருந்தேன். தனலட்சுமி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடி. தொண்ட காஞ்சிருக்கும். நீ என்னா பண்ணுவ, சொல்லச் சொன்னத சொல்ற." நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். "நாளைக்கு லீவு போடறேன். ஆனேக்கல் போயி அந்த வேல இன்னும் இருக்குதான்னு பாக்கணும். அங்க இருக்கற ஆபீசருக்கு இங்கிலீஷும் இந்தியும்தான். நீ கூட வந்தா நல்லாருக்கும். வர முடியுமா?"

முடியும் என்றேன்.

மானுவேலைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. அன்று மாலை விடுதி வாசலில் கார் நின்றும் அவர் இறங்கவில்லை. தன் வேலைக்காலத்தில் தான் மூடுகிற ஐந்தாவது ஆலை இது என்று மட்டும் சொன்னார். பிலார், "நீ மிக நன்றாகச் செய்தாய்," என்றார். அந்த மாதக் கடைசியில் மானுவேல் எழுதித் தந்த மதிப்பீட்டிலும் அதுதான் இருந்தது: மொழியில் சரளம், வாயடக்கம், நம்பகம். எனக்கு அந்த ஆண்டு நல்ல மதிப்பெண்ணோடு முடிந்தது. ஆலை சொன்னபடியே மூடியது.

வெள்ளிக்கிழமை எங்கள் விமானம் மாலையில்தான். காலையில் தனலட்சுமியோடு ஆனேக்கலுக்குப் போனேன். அவர் பச்சைப் பட்டுக்கரை போட்ட சேலை கட்டியிருந்தார். வேலை கேட்கப் போகிறவர் அழுக்காகப் போகக் கூடாது என்றார். கார்மென்ட்ஸ் ஆலையின் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றோம். நாத்தனார் உள்ளிருந்து ஓடி வந்து ஏதோ சொல்லிவிட்டு ஓடினார். கடைசியில் அதிகாரி கூப்பிட்டார். என்னைவிட ஐந்து வயது பெரியவராக இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த இடத்துக்குப் புதன்கிழமை மாலையே வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். தையல் வரிசையில் இடம் இருக்கிறது, புதியவர்களுக்கான சம்பளம், விருப்பமிருந்தால் பெயர் கொடுக்கலாம். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

"தையல்னா நின்னுகிட்டா, உக்காந்தா?" என்று கேட்கச் சொன்னார்.

உட்கார்ந்து, என்றார் அதிகாரி. தனலட்சுமி பெயரைக் கொடுத்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். அனுபவம் என்ற இடத்தில் பதினான்கு என்று எழுதினேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, தையலில் எத்தனை வருடம் என்றார். நான் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.

பேருந்து நிலையத்தில் வெயில். ஓசூர் போகிற வண்டிக்குத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கூரைக்கு அடியில் ஒரு தூணோரம் நின்றோம். தனலட்சுமி, மகளிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார். பிறகு, "புதங்கெழம ஒரு வார்த்த சரின்னு சொல்லியிருந்தா இப்ப அந்த நாற்காலில நான் இருப்பேன். என் புத்தி," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியும்."

அவர் திரும்பினார்.

"நீங்க கேட்டப்பவே தெரியும். அவங்க போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாங்க. செவ்வாக்கெழம கார்ல பேசினத நான் கேட்டேன்."

"செவ்வாக்கெழம."

"ஆமாக்கா."

"நேத்து 'பண்ணாங்களாம்'னு இழுத்தியே, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சீ, அந்தப் பொண்ண சந்தேகப்படலாமான்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

நான் வேகமாகப் பேச ஆரம்பித்தேன். வெளியே சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். என் படிப்பைப் பற்றிச் சொன்னேன். புதன்கிழமை வேலையை விட்டிருந்தால் இழப்பீடு கிடைத்திருக்காது, இப்போது கிடைக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்றும் சொன்னேன். வகுப்பில் விளக்குவது போல விளக்கிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்டது.

அவர் முழுவதும் கேட்டார்.

"அது என் கணக்கு பாப்பா," என்றார். "அத நான் போட்டிருப்பேன்."

பெங்களூரு போகிற பேருந்து வந்தது. அவர் முன்னால் ஏறி ஒரு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தார். வண்டியில் நிறைய இடம் இருந்தது. நான் எங்கேயும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு இரண்டு வரிசை பின்னால் நின்றேன். அவருடைய கொண்டையும் தோளும் மட்டும் தெரிந்தன. சந்தாபுராவில் கூட்டம் ஏறியது. யாரோ ஒரு அம்மாள் கேட்டதும் அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பொம்மசந்திராவில் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்கதவுக்குப் போனார். அங்கே நின்றிருந்த பெண் நடத்துநரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். நடத்துநர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். தனலட்சுமி திரும்பவில்லை. படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து போனார்.

சிறிது நேரம் கழித்து நடத்துநர் கூட்டத்துக்குள் என்னைத் தேடி வந்தார். உடைந்த தமிழில் பேசினார்.

"எலக்ட்ரானிக் சிட்டிதானே? இந்த ஸ்டாப் வேணாம்மா, இங்க எறங்கினா ரோடு தாண்டறது கஷ்டம். அடுத்தது எறங்கு. அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க, நீ ஊருக்குப் புதுசுன்னு."

அவர் சொன்ன இடத்தில் இறங்கினேன்.